மழை பெய்தால் இறங்கும் வோல்டேஜ்

கடைவீதியில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. மற்றவர்களுக்குச் சட்டைப் பையில் பேனா இருக்கும். இவருக்கு வோல்ட் மீட்டர். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் எந்நேரமும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கார் எலெக்ட்ரீஷியன். வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால்கூட, அதிலிருக்கும் குட்டி பேட்டரியைக் குத்திப் பார்த்து, "இதுக்கு இன்னும் உசுரு இருக்கு, தூக்கிப் போடாதே" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. அதற்குள் அவர் மனைவி பார்க்க நினைத்ததைப் பக்கத்து வீட்டில் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள்.

தொழிலில் கெட்டிக்காரர். அதை அவருக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் மனிதரிடம் ஒரு கோளாறு உண்டு. அடுத்தவன் நன்றாக இருந்தால் இவருக்கு உடம்பு தாங்காது. எதிர்க் கடைக்காரர் போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், இவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஊருக்கெல்லாம் நல்லது நடக்கட்டும், ஆனால் அது என் தெருவைத் தாண்டி நடக்கட்டும் என்கிற மாதிரி ஒரு மனசு.

அவருடைய கடை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு ஸ்டூல். அது அவருடையது. அவர் தொழில் கற்றுக்கொண்ட பட்டறையில் வருஷக்கணக்காக அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதனால் சொந்தக் கடை போட்டதும் முதலில் வாங்கியது ஸ்டூலைத்தான். வாடிக்கையாளர்கள் நிற்க வேண்டியதுதான். "உக்கார வச்சா கதை பேசுவாங்க" என்பார். மேசைமேல் பேட்டரி சார்ஜர் இருக்கும். கூரை சரியாக அந்த இடத்தில்தான் ஒழுகும். அதற்காக, வளைந்த கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சார்ஜருக்கு மேலே கூரைச் சட்டத்தில் ஆணியடித்து வைத்திருந்தார். சொட்டுகிற தண்ணீர் அதில் விழுந்து, வழிந்து, சுவரோரமாகப் போய்விடும். தன்னுடைய சாமர்த்தியத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கல்லைப் போட்டவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். வீட்டில் சின்னவர் என்பார்கள். பெரிய கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருந்தவர், போன கோடை முடிகிற சமயம் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தார். வைத்த இடம்தான் விஷயம். மாமனார் வீட்டு முன்வாசல் காலி மனை. அங்கே காரைத் தூக்குகிற லிஃப்ட் என்ன, வழவழப்பான தரை என்ன, வண்டியில் சொருகினால் கோளாறைக் காட்டுகிற ஸ்கேனர் என்ன! மூத்த மாப்பிள்ளை அந்த இடத்தைக் கேட்டிருந்தால் மாமனார் அவருக்கும் கொடுத்திருப்பார். ஆனால் சின்னவருக்குக் கேட்காமலே கொடுத்தாரே, அங்கேதான் எரிந்தது.

சின்னவராவது கொஞ்சம் திமிராக இருந்திருக்கலாம். திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். பாழாய்ப்போன மனிதர் தங்கமானவர். வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்பார். புது ஸ்கேனர் வாங்கிய அன்று அதை எடுத்துக்கொண்டு நேராக மீட்டரின் கொட்டகைக்குத்தான் வந்தார்.

"அண்ணே, நீங்க ஒரு தடவ தொட்டுக் குடுங்க."

மீட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அதை இரண்டு விரலால் தொட்டார். சின்னவர் அலமாரி ஓரமாக நின்றுகொண்டே ஏதேதோ பேசிவிட்டுப் போனார். அன்று இரவு மீட்டர் மனைவியிடம், "அந்தப் பொட்டி இல்லாட்டி அவனுக்கு ஆக்ஸிலேட்டர் எது, பிரேக் எதுன்னு தெரியாது" என்றார். மனைவி சிரித்தாள். "உங்க காதுல பொக வருதுங்க. கிச்சன் ஃபேனப் போடவா?" என்றாள்.

மழைக்காலம் தொடங்கியது. அதோடு மாமனாரின் காருக்கும் சனி பிடித்தது.

பழைய கார். மாமனாரே ஓட்டுவார். வாராவாரம் மாமியாரை முழங்கால் சிகிச்சைக்கு ஏற்றிக்கொண்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். வெயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. மழையில் கொஞ்ச தூரம் போனால் போதும், டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், லைட் மங்கும், வைப்பர் சோம்பல் முறிக்கும். இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அது மழையில் மட்டும் வேலைநிறுத்தம் செய்தது.

மாமனார் காரை எங்கே கொண்டுபோயிருக்க வேண்டும்? இது மின்சார வேலை. மூத்த மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஆனால் வாசலிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கும்போது யார் கடைவீதி வரை வருவார்கள்? சின்னவரிடமே விட்டார். மீட்டருக்குச் செய்தி வந்தபோது கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

சின்னவர் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிற பெல்ட்டை மாற்றினார். அடுத்த மழையில் விளக்கு மறுபடி எரிந்தது. ஸ்கேனரைச் சொருகினார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றது அது. ஆல்டர்னேட்டரையே மாற்றினார். பானெட்டைத் திறந்துவைத்து, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தார். வோல்டேஜ் அசையவில்லை. "சரியாப் போச்சு மாமா" என்று சாவியைக் கொடுத்தார். மறுநாள் மழையில் மறுபடி பழைய கதை.

ஒவ்வொரு தோல்வியும் தங்கை வழியாக அக்காவுக்கும், அக்கா வழியாக மீட்டரின் சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்து சேர்ந்தது.

"பாவம்ங்க. அவரு ராத்திரி எல்லாம் தூங்கலையாம்" என்றாள் மனைவி.

"ஐயோ பாவம். இன்னும் கொஞ்சம் சோறு போடு."

"நீங்க போயி ஒரு எட்டு பாத்தா என்ன?"

"கூப்பிடாத எடத்துக்கு நான் ஏன் போகணும்?"

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அந்த மழைக்காலத்தில் அவர் ஒரு சுற்றுப் பெருத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசியில் ஒருநாள் ரயில் பாலத்துக்கு அடியில், தேங்கிய தண்ணீரில், கார் அடியோடு நின்றுபோனது. உள்ளே மாமியார். முழங்கால் மடங்காது. வழியில் போனவர்கள்தான் நாற்காலியில் வைத்துத் தூக்குவது போலக் கைகோத்துத் தூக்கி வந்து கரையில் விட்டார்கள். மாமனார் அன்று சாயங்காலமே நனைந்த வேட்டியோடு மீட்டரின் கொட்டகைக்கு வந்து நின்றார். அவர் இந்தக் கொட்டகைக்கு வருவது அபூர்வம்.

"மாப்ள, இனிமே நீங்கதான் பாக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக மீட்டர் எத்தனை நாள் காத்திருந்தார்! முகத்தைச் சிரமப்பட்டுக் கவலையாக வைத்துக்கொண்டார்.

"சின்னவரு பாத்துட்டுதானே இருக்காரு மாமா?"

"பாத்துக் கிழிச்சாரு. சொந்த வீட்டு வண்டியையே பாக்கத் தெரியாதவருக்கு ஒர்க்‌ஷாப் எதுக்கு? மழ முடிஞ்சதும் எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டேன். பழைய கம்பெனிக்கே போயிச் சேரட்டும். அவ தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு அழுதது என் கண்ணுலயே நிக்குது மாப்ள."

மீட்டருக்கு ஒரு நொடி திக்கென்றது. அடுத்த நொடி அந்தத் திக்கைத் தள்ளிக்கொண்டு சந்தோஷம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மீட்டருக்கு வேண்டியதும் அதுதான். முதலில் நிறுத்திவைத்த வண்டியில், இஞ்சினை ஓடவிட்டு, லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். மழை என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் போடுவார்கள். தண்ணீர்மேல் பழி விழும், உண்மையில் பேட்டரிமேல் ஏறுகிற பாரம்தான் காரணமாக இருக்கும். அப்படி இல்லை. வோல்ட் மீட்டரில் எண் ஆடவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி வரைக்கும் ஒயர்களைக் குத்திப் பார்த்தார். எர்த் ஒயரையும் பார்த்தார். எல்லாம் சுத்தம். சின்னவர் போட்ட ஆல்டர்னேட்டரும் நல்ல சரக்கு. பொருத்தியிருந்ததிலும் குறை சொல்ல முடியவில்லை. அது ஒரு சின்ன வருத்தம்.

அப்புறம் வோல்ட் மீட்டரின் ஒயர்களை நீளமாக இழுத்து, பேட்டரியில் கவ்வவைத்து, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, மடியில் மீட்டரை வைத்துக்கொண்டார்.

"ஓட்டுங்க மாமா. ரோடு எப்படியோ அப்படியே போங்க."

நல்ல ரோட்டில் வோல்டேஜ் பதினான்குக்குப் பக்கத்தில் நின்றது. மேலே மழை கொட்டுகிறது, எண் அசையவில்லை. பாலத்துக்கு அடியில் தண்ணீரில் இறங்கியதும், கீச் என்று ஒரு சத்தம். எண் சடசடவென்று பன்னிரண்டுக்கு இறங்கியது. பேட்டரி விளக்கு எரிந்தது.

"மேல இருந்து இல்ல மாமா. கீழ இருந்து வருது தண்ணி" என்றார் மீட்டர். குரல் நடுங்கியது. வேட்டைக்காரனுக்கு அடிச்சுவடு கண்ணில் பட்டால் வருகிற நடுக்கம்.

கரையேறியதும் கோணியை விரித்துப் போட்டுக் காருக்கு அடியில் படுத்தார். முன்சக்கரத்துக்கும் இஞ்சின் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்க வேண்டும், சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் பெல்ட்டில் படாமல் இருக்க. அந்த இடம் வெறுமையாக இருந்தது. கிளிப் மாட்டுகிற துளைகள் மட்டும் பல் போன ஈறு மாதிரி தெரிந்தன. பெல்ட் நனைகிறது, வழுக்குகிறது, ஆல்டர்னேட்டர் சுற்றுவதில்லை. அவ்வளவுதான் விஷயம். சின்னவர் ஹோஸை மேலேயிருந்து அடித்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

'மாட்டினடா மகனே!' மழைக்கு முன்பே ஏதோ வேலை பார்த்துவிட்டுத் தடுப்பை மாட்ட மறந்திருக்கிறான். இந்த ஒன்று போதும். அந்த இடத்திலேயே மாமனாரிடம் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் மாமனார் ஒருவர் மட்டும் கேட்டு என்ன பிரயோஜனம்? ஞாயிற்றுக்கிழமை குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது சொன்னால்தான் ருசி. மாமனாரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காரைத் தன் கொட்டகைக்கு ஓட்டிவந்தார். வழியெல்லாம் விசில்.

கொட்டகைக்குள் மழை டொம் டொம் என்று கொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம். சொத்து சொத்தென்று, பிளாஸ்டிக்கில் விழுகிற சத்தம். மீட்டர் அண்ணாந்து பார்த்தார்.

சார்ஜருக்கு மேலே அந்தக் கறுப்புத் தகடு. வளைவான தகடு. ஒரு கார்ச் சக்கரத்தின் உட்பக்க வளைவு. ஓரத்தில் கிளிப் மாட்டுகிற துளைகள்.

விசில் நின்றது.

போன கோடையில், சின்னவர் கடை திறப்பதற்கு முன்பு, இதே கார் இதே கொட்டகைக்கு வந்திருந்தது. ஆல்டர்னேட்டரில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ், அந்தக் கரித்துண்டை மாற்ற வேண்டும். கீழேயிருந்துதான் கை போகும். தடுப்பைக் கழற்றும்போது கிளிப்கள் உடைந்தன. புதுக் கிளிப் வாங்கி அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார். கோடையில் யாருக்குத் தடுப்பு வேண்டும்? அப்புறம் கூரை ஒழுகியது. அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு தகடு ஓரமாகக் கிடந்தது. எந்த வண்டியில் கழற்றியது என்றுகூட அப்போது நினைவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மாமியாரைத் தண்ணீருக்கு நடுவே மாட்டவைத்து அழவைத்தது சின்னவர் இல்லை. பிறகு மேசைமேல் ஏறி, ஆணிகளை நெம்பி, தகட்டை இறக்கி, துடைத்து, புதுக் கிளிப் போட்டுக் காரில் மாட்டினார். மூலைகளில் ஆணித் துளைகள் இருந்தன. அதை யார் கீழே படுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

அடுத்த மழையில் மாமனார் பாலத்துக்கு அடியில் போய் வந்தார். விளக்கு எரியவில்லை.

"மாப்ளன்னா மாப்ள! என்ன கோளாறு?"

"அது... பெல்ட்டுப் பக்கம் ஒரு சின்ன விஷயம் மாமா. பாக்குற கண்ணு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாமனார் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னார், இன்னும் நாலு வார்த்தை சேர்த்து. சின்னவர் தலைகுனிந்து சாப்பிட்டார். அவர் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. மீட்டர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். ஆனால் அடிக்கடி தண்ணீர் கேட்டார்.

மறுநாள் சின்னவர் கொட்டகைக்கு வந்தார். வழக்கம்போல அலமாரி ஓரமாக நின்றார்.

"அண்ணே, எடம் போறது போகட்டும். அந்த ஃபால்ட்டு என்னன்னு மட்டும் சொல்லுங்க. மண்டையக் குடையுது."

ஜெயித்தவனுக்குத் தாராளம் வரும். மீட்டர் எழுந்தார். தன் ஸ்டூலை நகர்த்தி, "உக்காருங்க" என்றார். டீ வரவழைத்தார். தோளில் கைவைத்து, "அதெல்லாம் அனுபவத்துல வர்றது. மனச விட்டுடாதீங்க" என்றார். ஏதேதோ பழைய கதையெல்லாம் பேசினார். தன்னை நின்றே வேலை பார்க்கவைத்த பட்டறையைப் பற்றிக்கூடச் சொன்னார். அதை அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சின்னவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

பேச்சுக்கு நடுவே மழை பிடித்தது. சார்ஜர்மேல் ஒரு சொட்டு விழுந்தது. சின்னவர் அண்ணாந்தார். சட்டத்தில் வளைந்த ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. புகை படிந்த கூரையில், தகடு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, அதே வளைவில் தெரிந்தது. சின்னவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

மீட்டர் சின்னவரின் வாயையே பார்த்தார்.

சின்னவர் எழுந்து சார்ஜரைத் தள்ளிவைத்தார். சொட்டுகிற இடத்தில் ஒரு காலி டப்பாவை வைத்தார். "நனையுது அண்ணே" என்றார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு, மழையிலேயே கிளம்பிப் போனார்.

அவ்வளவுதான். போய் மாமனாரிடம் சொல்வான் என்று மீட்டர் காத்திருந்தார். அன்று போன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஒவ்வொரு தடவை மனைவி போனை எடுக்கும்போதும் இவருக்கு வியர்த்தது. "தங்கச்சி என்ன சொன்னா?" என்று கேட்பார். லிஃப்டை விற்க ஆள் பார்க்கிறாராம், பழைய கம்பெனியில் பேசிவிட்டாராம், இவ்வளவுதான் வரும். தகட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இங்கேதான் மீட்டரின் குணம் தன் வேலையைக் காட்டியது. மற்றவனாக இருந்தால் அப்பாடா என்று இருந்திருப்பான். இவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப் போகப்போகிறது; பெண்டாட்டி அழுகிறாள்; கையில் ஆதாரம் இருக்கிறது; பேசாமல் இருக்கிறானே! என்ன பெரிய மனசு! லிஃப்ட் அவனுக்கு, ஸ்கேனர் அவனுக்கு, மாமனார் இடம் அவனுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கேவா? அதிலாவது எனக்குப் பங்கு வேண்டாமா? புரண்டு புரண்டு படுத்தார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வோல்ட் மீட்டரை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். அப்படி அவர் வெளியே போனதே கிடையாது.

மாமனார் வீட்டு வாசலில் சின்னவர் ஏணியில் நின்று ஒர்க்‌ஷாப் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமனார் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றார் மீட்டர். உட்காராமலே, மூச்சு வாங்க. "வண்டிக் கோளாறுக்குக் காரணம் நான். கோடையில கழட்டின தடுப்ப நான்தான் மாட்டல. அத என் கடைக் கூரையில அடிச்சு வச்சிருந்தேன். அவரு மாத்துனது எதுலயும் தப்பில்ல. அத்தை தண்ணியில மாட்டிக்கிட்டது என்னால."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். "மாப்ள, இது உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அண்ணன் கடையில பாத்தேன் மாமா. தப்பு எம்மேலயும் இருக்கு. ஓட்டையெல்லாம் காலியா இருந்தத நானும் கவனிச்சேன். பழைய வண்டி, எப்பவோ விழுந்திருக்கும்னு விட்டுட்டேன்."

மீட்டர் பல்லைக் கடித்தார். பாருங்கள், பழியிலும் பங்கு கேட்கிறான்!

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் மாமனார். "போர்டு வரைக்கும் கழட்டுறீங்களே?"

சின்னவர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்ல வெட்கப்பட்டவர் போல இருந்தார்.

"இல்ல மாமா... நான் எத்தன தடவ அண்ணன் கடைக்குப் போயிருக்கேன். அன்னைக்குத்தான் உக்காருன்னு சொன்னாரு. தோள்ல கை போட்டுப் பேசினாரு. சொன்னா அது அதோட போயிடும்னு தோணிச்சு."

மீட்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மாமனார் எழுந்து, "ரெண்டு பேரும் நல்லா வந்து வாச்சீங்க எனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்த போர்டத் திரும்ப மாட்டுங்க. கோணலா மாட்டாதீங்க."

சின்னவர் மேலே, மீட்டர் கீழே. ஏணியை அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் ஏத்துப்பா" என்றார். அதற்கு முன்பு அவர் சின்னவரை அப்படி உரிமையோடு கூப்பிட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் கடைவீதிக்காரர்கள் ஒரு வேடிக்கை பார்த்தார்கள். கொட்டும் மழையில் மீட்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்க் கடைக்காரர், "யாருக்கு மீட்டர்?" என்று கேட்டதற்கு, "யாராவது வந்தா உக்கார வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் சின்னவர் ஒரு தகரத் துண்டோடு வந்தார், கூரை ஒழுகலை அடைக்க. வேலை முடிந்ததும் புது நாற்காலியில் உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, "அப்பாடா" என்றார்.

மீட்டர் தன் ஸ்டூலிலிருந்து அதைப் பார்த்தார். ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவேயில்லை. வயிற்றில் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி, ரெண்டு டீ என்று கத்தினார்.